மாங்காய் விலை விழுந்தால் மனுவில் எதைக் கேட்பது?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு மூன்றரை ஏக்கர் மாந்தோப்பு. எல்லாமே பெங்களூரா ரகம். வெளியூர்களில் தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் சொல்கிற அதே காய்தான். 2025 சீசனில் அந்தக் காய்க்கு அவருக்குக் கிலோ 5 ரூபாய் கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் 20 ரூபாயைத் தாண்டி விற்றவர் அவர். சீசன் முடிந்த கையோடு பக்கத்துத் தோப்புக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுத உட்கார்ந்தார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் என்பதால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வரைவில் பதினான்கு கோரிக்கைகள் இருந்தன. ஆதார விலை, நஷ்டஈடு, அரசு மாங்கூழ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு, பள்ளிக்கூடத்தில் மாம்பழச் சாறு, கடன் தள்ளுபடி, யானை வராமல் வேலி, இன்னும் என்னென்னவோ. பதினான்கு கேட்டால் அதில் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் வரும். "வேலி அமைப்பது பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வந்து சேரும், அதோடு கோப்பு மூடப்படும். அதனால் ஒன்றே ஒன்று கேட்போம் என்றேன்.

"அப்போ எந்த ஒன்னுடா கேக்கறது?" என்றார் சித்தப்பா.

நியாயமான கேள்வி. அரசு ஒரு ரூபாய் செலவு செய்தால் அது கடைசியில் யார் சட்டைப்பையில் போய் நிற்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு கோரிக்கையையும் அளந்து பார்த்தேன். திட்டத்தின் பெயரில் 'விவசாயி' என்று இருப்பதாலேயே பணம் விவசாயியிடம் நின்றுவிடாது.

காய் காத்திருக்காது, கூழ் காத்திருக்கும்

விலை ஏன் இப்படி விழுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். கணக்குக்காக, ஒரு ஏக்கரில் 40 மரம், 4 டன் காய் என்று வைத்துக்கொள்வோம். காய் பறித்து வண்டியேற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிலோவுக்கு 2 ரூபாய் ஆகிறது என்போம். உழவு, மருந்து, காவல் என்று ஜனவரியிலிருந்து செய்த செலவு தனி. ஆனால் ஜூன் மாதம் மரத்தடியில் நின்று யோசிக்கும்போது அந்தப் பழைய செலவுக்கு மதிப்பே இல்லை. அது போனது போனதுதான். 5 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 3 ரூபாயாவது மிஞ்சும், பறிக்காமல் விட்டால் அதுவும் இல்லை. ஆகவே விலை 20 ஆக இருந்தாலும் 5 ஆக இருந்தாலும் அதே 4 டன்தான் சந்தைக்கு வரும். 2 ரூபாய்க்குக் கீழே போனால் மட்டும் காய் மரத்திலேயே பழுத்து உதிரும்.

வாங்குகிறவர் நிலை நேர் எதிர். பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் கம்பெனிக்குப் போகிற காய். கூழைக் கிருமி புகாத அசெப்டிக் பையில் அடைத்துப் பீப்பாயில் வைத்தால் ஒன்றரை, இரண்டு வருஷம் கெடாது. போன வருஷத்துக் கூழே கிடங்கில் கிடந்தால் இந்த வருஷம் அவருக்கு அவசரம் இல்லை. பறித்த காய்க்கோ சில நாள்தான் ஆயுள். பேரத்தில் யாரால் காத்திருக்க முடியுமோ அவர் சொல்வதுதான் விலை. வாங்குபவர் ஒருவராகவே இருந்து விற்பவர் ஆயிரமாக இருக்கும் சந்தைக்கு ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர் 1933இல் தனிப் பெயரையே அறிமுகப்படுத்தினார். தமிழில் 'வாங்குவோர் ஏகபோகம்' என்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் கம்பெனி ஒன்று மட்டும் இல்லையே, பல இருக்கின்றனவே என்று கேட்கலாம். காகிதத்தில் பல. ஆனால் பூப் பருவத்திலேயே மண்டியில் முன்பணம் வாங்கிவிட்டவருக்கு அந்த மண்டிதான் கம்பெனி, அந்த மண்டிதான் சந்தை. கிருஷ்ணகிரியில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற எண்ணிக்கையால் சித்தப்பாவுக்குப் பயனில்லை. அவர் காயை எத்தனை பேரிடம் கொண்டுபோய் நீட்ட முடியும் என்பதே அவருக்கு விஷயம். இந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

விலையை அரசே நிர்ணயிப்பது

கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய கோரிக்கை இதுதான். காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மகாராஜகடையைத் தாண்டினால் குப்பம், ஆந்திரா. அந்த மாநில அரசு 2025இல் தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் என்று அறிவித்தது. கம்பெனி 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாயை அரசு தரும். அங்கே 12, இங்கே 5 என்றால் யாருக்குத்தான் எரியாது?

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். 4 ரூபாய் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், கம்பெனி தர வேண்டியதையும் சேர்த்து நிர்ணயித்தது புத்திசாலித்தனம். அப்படிச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? "அரசாங்கம்தான் நாலு ரூபா குடுக்குதே, எனக்கு மூணுக்குப் போடு" என்பார் வாங்குபவர். விவசாயியும் போடுவார், ஏனென்றால் 3 + 4 = 7, அது 5ஐ விட மேல். அரசு கொடுத்த 4 ரூபாயில் 2 விவசாயிக்கு, 2 கம்பெனிக்கு.

பாடத்தில் இதற்கு நேர்மாறாகப் படித்திருக்கிறேன். சந்தைக்கு வரும் சரக்கு விலையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாது என்றால், மானியம் முழுவதும் விற்பவருக்கே போகும் என்பது பாடம். அது பொய்யில்லை. ஐந்தாறு கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு வாங்கும் ஊரில் அப்படித்தான் நடக்கும். ஒருவர் விலையைக் குறைத்தால் காய் அடுத்தவரிடம் போய்விடும். ஆனால் நீட்ட ஒரே ஒரு வாசல் இருக்கிறவருக்கு அந்தப் பாடம் தலைகீழ். ஒரே அரசாணை, இரண்டு ஊர், இரண்டு முடிவு.

சரி, 8 ரூபாயைக் கட்டாயமாக்கினால் பிரச்சினை தீர்ந்ததா? சந்தை 5க்கு வாங்கத் தயாராக இருக்கும் சரக்கை 8க்கு வாங்கச் சொன்னால் கம்பெனி குறைவாகத்தான் வாங்கும். விலை கூடும், வாசல் சுருங்கும். அந்த ஜூன் மாதம் சித்தூர்ப் பக்கம் டிராக்டர்களும் லாரிகளும் கம்பெனி வாசலில் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. வரிசை என்பதும் ஒரு விலைதான், ரூபாயில் கொடுக்காமல் நேரத்திலும் அழுகலிலும் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வரிசை நீண்டால் டோக்கன் வரும். டோக்கன் வந்தால் டோக்கனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஆள் பிடிக்கத் தெரியாத சிறு விவசாயி கடைசியில் வரிசைக்கு வெளியே 3 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு வீடு திரும்புவார். மொத்தப் பணத்தையும் கூட்டினால் திட்டம் லாபம்போலத் தெரியும். யாருக்கு என்று பிரித்தால்தான் கதை வேறு.

இன்னொரு சிக்கல் எல்லை. ஒரு பக்கம் விலை உயர்ந்தால் மறுபக்கத்துக் காய் அங்கே ஓடும். 2025 ஜூன் 7 அன்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வருக்குக் கடிதமே எழுதினார். கர்நாடகத்துச் சீனிவாசபுரத்து விவசாயிக்கு அடித்த அடி நமக்கும் சேர்த்துத்தான். நாமும் இங்கே விலை நிர்ணயித்தால் நாமும் செக்போஸ்ட் போட வேண்டும். வருஷா வருஷம் மூன்று மாநிலங்களும் மாங்காய்க்கு எல்லைக்காவல் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அரசே வாங்கிக்கொள்வது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அரசு கேழ்வரகு கொள்முதல் செய்கிறது. 2023 மே மாதம் முதல் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டமும் வந்தது. 2023-24இல் கேழ்வரகின் ஆதார விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். பென்னாகரத்து விவசாயிக்கு அது நல்ல உதவி. "அதே மாதிரி மாங்காயும் வாங்கட்டுமே" என்றார் ஒருவர்.

கேழ்வரகை மூட்டையில் கட்டிப் போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். எங்கள் பாட்டி காலத்தில் குழியில் கொட்டி மூடி வைத்தார்களாம். மாங்காயை வாங்கி அரசு எங்கே வைக்கும்? நாலாம் நாள் கொள்முதல் நிலையத்தில் ஈ மொய்க்கும். மாங்காய் கேழ்வரகு இல்லை.

விலை வித்தியாசத்தைக் கொடுப்பது

காயை அரசு தொடுவதில்லை. சந்தையில் எந்த விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள், ஒரு குறிப்பு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை உன் வங்கிக் கணக்கில் போடுகிறேன் என்பது இந்த வழி. ஆதார விலை இல்லாத, சீக்கிரம் கெடுகிற பொருள்களுக்கென்று ஒன்றிய அரசிடம் சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. முந்தைய சாதாரண ஆண்டைவிட விலை குறைந்தது 10 சதவீதம் விழுந்தால் மாநில அரசு கேட்கலாம், செலவு பாதிக்குப் பாதி. பொருளை வாங்காமல் வித்தியாசத்தை மட்டும் கொடுக்கவும் 2025 தொடக்கத்தில் வழிமுறைகளைத் திருத்தினார்கள். அந்த ஜூலையிலேயே கர்நாடகத்துக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் குறிப்பு விலையில் இரண்டரை லட்சம் டன் வரை ஒப்புதல் கிடைத்தது. ஆந்திராவுக்கு 1,490 ரூபாய் 73 காசு, 1.62 லட்சம் டன். (அந்த 73 காசு யார் கணக்குப் போட்டதோ, தெரிந்தால் பேச ஆசை.)

நம் கூட்டத்துக்கு இதுதான் பொருத்தம் என்று முதலில் தோன்றியது. ஆனால் இதைப் பெரிய அளவில் செய்து கைசுட்டுக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2017இல் சோயா, உளுந்து உள்ளிட்ட எட்டுப் பயிர்களுக்கு 'பாவந்தர்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட நாள்களுக்குள் விற்றால்தான் பணம் என்றதும் எல்லோரும் அந்த நாள்களிலேயே மண்டிக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். விலை இன்னும் விழுந்தது. அரசு ஈடுகட்டுகிறது என்பதால் விற்பவருக்கும் பேரம் பேச மனமில்லை. பதிவு செய்யாத விவசாயிக்கு இரட்டை அடி. விழுந்த விலைக்கு விற்றார், வித்தியாசமும் வரவில்லை.

ஆனாலும் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல சூத்திரம் இருந்தது, அதை விட்டுவிடக் கூடாது. குறிப்பு விலையிலிருந்து நீ விற்ற விலையைக் கழிப்பது ஒரு முறை. மண்டிகளின் சராசரி விலையைக் கழிப்பது இன்னொரு முறை. மத்தியப் பிரதேசம் இந்த இரண்டில் எது அதிகமோ அதைக் கழித்தது. சராசரியைக் கணக்கிட வேறு இரண்டு மாநிலங்களின் விலையையும் சேர்த்துக்கொண்டது.

இது ஏன் முக்கியம்? நான் விற்ற விலையைக் கழித்தால், நான் 6க்கு விற்றால் என்ன, 3க்கு விற்றால் என்ன, கடைசியில் என் கைக்கு ஒரே தொகை. நானும் வாங்குபவரும் கூடிப் பேசிச் சீட்டில் 3 என்று எழுதிக்கொண்டு வித்தியாசத்தை அரசிடம் கறக்கவும் செய்யலாம். சராசரியை மட்டும் கழித்தால், நான் பேரம் பேசி வாங்குகிற கூடுதல் ஒரு ரூபாய் எனக்கே சொந்தம். சீட்டில் பொய் எழுதி லாபமில்லை. ஒரு வரி மாற்றம்தான், விவசாயி பேரத்தைக் கைவிடுவதும் விடாததும் அந்த வரியில் இருக்கிறது.

ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுப்பது

தெலங்கானாவில் 2018இல் ரைத்து பந்து என்று ஆரம்பித்தார்கள். ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய், பிறகு 5,000. என்ன பயிர், எவ்வளவு விளைச்சல், யாரிடம் விற்றாய் என்ற கேள்வியே இல்லை. மாங்காய்க்கு இதை வைத்துப் பார்த்தால் இரண்டு நல்ல குணங்கள் தெரிகின்றன.

முதலாவது, வாங்குபவரால் இதில் கைவைக்க முடியாது. பணம் விற்பனையோடு ஒட்டவில்லை, ஆகவே "உனக்குத்தான் அரசாங்கம் குடுக்குதே" என்ற பேரம் எடுபடாது. விற்காவிட்டாலும் அந்தப் பணம் வரும் என்பதால் விவசாயியின் கீழ்விலை அதே 2 ரூபாயில் நிற்கும். கிலோவுக்கு 4 ரூபாய் என்கிற திட்டத்தில் அழுகல் காயைக்கூடப் பறித்து வண்டியேற்றத் தோன்றும், ஏற்கெனவே நிரம்பிய சந்தை இன்னும் வழியும். ஏக்கர் கணக்கில் அந்தத் தூண்டுதல் இல்லை.

இரண்டாவது, மானாவாரித் தோப்புக்காரர். கிலோவுக்கு 4 ரூபாய் என்றால் போர் போட்டுச் சொட்டுநீர் இழுத்து ஏக்கருக்கு 6 டன் எடுப்பவருக்கு 24,000 ரூபாய், ஊத்தங்கரைப் பக்கம் மழையை நம்பி 2 டன் எடுப்பவருக்கு 8,000. அதே மொத்தப் பணத்தை ஏக்கருக்கு 16,000 என்று பிரித்தால் இருவருக்கும் சமம். எது நியாயம் என்பதைப் பொருளாதாரம் சொல்லாது. என்னைக் கேட்டால் இரண்டாமவர் பக்கம் சாய்வேன்.

இனி மோசமான குணம். பணம் சிட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும், தெலங்கானாவில் நடந்ததும் அதுதான். குத்தகைக்காரர்கள் வெளியே நின்றார்கள். நம் ஊரில் இது சாதாரணச் சிக்கல் இல்லை. இங்கே நிறையத் தோப்புகள் பூப்பூக்கும்போதே குத்தகைக்கு விடப்படுகின்றன. சொந்தக்காரர் மார்ச்சிலேயே பணம் வாங்கிக்கொண்டு ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பார். 2025இல் அடிவாங்கியது குத்தகை எடுத்தவர். அவரில் சிலர் வியாபாரிகள், சிலர் இரண்டு மூன்று தோப்பைச் சேர்த்து எடுத்து நகையை அடகு வைத்த சிறு ஆள்கள். சிட்டாவைப் பார்த்துப் பணம் போட்டால் நஷ்டமே படாதவருக்கு நஷ்டஈடு போய்ச் சேரும்.

சித்தப்பா இதில் குறுக்கிட்டார். "சொந்தக்காரனுக்கு நஷ்டமே இல்லன்னு சொல்லாத. அடுத்த வருஷம் எவன் அந்த வெலைக்குக் குத்தகை எடுப்பான்?" அவர் சொன்னது சரி. இந்த வருஷ நஷ்டம் குத்தகைக்காரருக்கு, அடுத்த வருஷக் குத்தகை குறைவது சொந்தக்காரருக்கு. ஆனால் ஏக்கர் பணம் வருஷா வருஷம் வரும் என்று உறுதியானால் என்ன ஆகும்? அந்தத் தோப்பின் குத்தகை அதற்கேற்ப ஏறும். நிலத்தோடு ஒட்டிய பணம் நிலச் சொந்தக்காரரிடம்தான் போய் ஒதுங்கும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில், விலை விழுந்தால் பழைய பரப்பு, பழைய விளைச்சல் கணக்கில் பணம் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பயிரை வைக்காதவருக்கும் அது போனது என்ற புகார் எழுந்தது. ஆக, விற்பனையோடு ஒட்டினால் வாங்குபவர் இழுத்துக்கொள்வார், நிலத்தோடு ஒட்டினால் நிலக்காரர் இழுத்துக்கொள்வார்.

கூலிக்குக் கூழ் அரைப்பது

மனுவில் 'அரசு மாங்கூழ் ஆலை' என்று எழுதியிருந்தது. பெரிய ஆலை எனக்குப் பிடிக்கவில்லை. வருஷத்தில் இரண்டு, இரண்டரை மாதம் ஓடி மீதி நாள் பூட்டிக் கிடக்கிற எந்திரத்துக்கு வட்டியும் சம்பளமும் பன்னிரண்டு மாதமும் ஓடும். தனியார் கம்பெனிகளே கொய்யா, பப்பாளி, தக்காளி என்று இடையில் ஓட்டிச் சமாளிக்கின்றன. அதுவும் கூழ் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் வருஷத்தில் இன்னொரு ஆலை வந்தால், ரோட்டில் கொட்டுகிற காயைப் பீப்பாயில் கொட்டுகிறோம் என்பதைத் தவிர வேறில்லை.

ஆனால் சிறிய அளவில், நெல்லுக்குக் கூலி அரவை இருப்பதுபோல மாங்காய்க்கும் ஒரு கூலி அரவை இருந்தால்? காயைக் கொண்டுபோய்ப் போடுகிறேன், டன்னுக்கு இவ்வளவு என்று அரவைக் கூலி கொடுக்கிறேன், கூழ் என் பெயரில் கிடங்கில் இருக்கிறது, அடுத்த சீசனுக்குள் விற்றுக்கொள்கிறேன். இதில் எல்லாக் காயும் போக வேண்டியதே இல்லை. மாவட்டத்துக் காயில் நூற்றில் ஐந்து பங்கு போனாலும் போதும். மற்ற தொண்ணூற்றைந்துக்கும் பேரத்தில் "இல்லைன்னா நான் அரைச்சு வெச்சுக்கறேன்" என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கும். காத்திருக்கிற பலம் முதல்முறையாக நம் பக்கம் கொஞ்சம் வரும். செலவுக்கு அதிகப் பலன் இதில்தான் என்று நினைக்கிறேன். குறை என்னவென்றால் கூழ் விற்கும்வரை வீட்டுச் செலவுக்கு யார் கொடுப்பார்கள் என்பது. கிடங்கு ரசீதை வைத்துக் கடன் கிடைத்தால் ஓடும், இல்லையென்றால் இதுவும் வசதியுள்ளவருக்கான திட்டமாகிவிடும்.

பள்ளியில் சாறு, மரத்தில் வேறு ரகம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மாம்பழச் சாறு கேட்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒற்றுமை. கணக்கைப் போட்டேன். பழபானம் என்று சொல்லி விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்பது விதி. 200 மில்லி டப்பாவில் சுமார் 20 கிராம் கூழ். காயில் பாதி கூழாகிறது என்று வைத்தால் 40 கிராம் காய். 10 லட்சம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு டப்பா, 40 வாரம் என்றால் 1,600 டன். ஆந்திராவுக்கு ஒப்புதலான 1.62 லட்சம் டன்னில் இது ஒரு சதவீதம். மீதியெல்லாம் சர்க்கரையும் தண்ணீரும் டப்பாவும். மாங்காய் விவசாயி பெயரைச் சொல்லிச் சர்க்கரை ஆலைக்கு உதவுவதுதான் நடக்கும்.

ரகத்தை மாற்றுவது வேறு வகை. 2005இல் வந்த தேசியத் தோட்டக்கலை இயக்கத்திலிருந்து கன்று நட மானியம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். விலை நன்றாக இருந்த வருஷம் சந்தூர் நர்சரிகளில் பெங்களூரா ஒட்டுக்கன்று வாங்காத ஆள் குறைவு. பலன் வருவதற்கு நாலைந்து வருஷம். எல்லோர் மரமும் ஒரே சமயம் காய்க்கும்போது விலை படுக்கும். படுத்ததும் வெட்டுவார்கள், வெட்டியதும் விலை ஏறும், மறுபடி நடுவார்கள். விலையும் விளைச்சலும் ஒன்றையொன்று துரத்திச் சுற்றுவதை வரைந்தால் சிலந்திவலைபோல இருக்கும். 1934இல் நிக்கோலஸ் கால்டார் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். வெட்டாமல் பழைய மரத்திலேயே வேறு ரகத்தை மேலொட்டு கட்டினால் இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருக்கும் அல்போன்சாவையே கட்டச் சொல்லிவிட்டால் அதே வலை அடுத்த மரத்தில். பெங்களூராவை நம் ஆள்கள் முட்டாள்தனமாக வைக்கவில்லை. தவறாமல் காய்க்கும், அடிபட்டாலும் தாங்கும், கம்பெனி கேட்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரி. கூட்டினால்தான் தப்பு.

கடைசியில் எழுதியது

என் மனதுக்குப் பிடித்த வடிவம் ஒன்று இருந்தது. மாவட்டச் சராசரி விலை 10 ரூபாய்க்குக் கீழே விழுந்தால், எவ்வளவு விழுந்ததோ அதை வட்டாரத்தின் சாதாரண விளைச்சலால் பெருக்கி, ஏக்கர் கணக்கில் பயிர் செய்தவருக்குக் கொடுப்பது. சராசரி 5 என்றால், 4 டன்னுக்கு ஏக்கருக்கு 20,000 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும். ஆனால் அதற்கென்று அரசிடம் ஒரு கணக்குத் தலைப்பு இல்லை. இல்லாத தலைப்பில் கேட்டால் கோப்பு கோட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கும், காய் காத்திருக்காது.

ஆகவே ஏற்கெனவே இருக்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் விலை வித்தியாசத்தைக் கேட்பது என்று முடிவு செய்தோம். அதற்கு மூன்று நிபந்தனைகள். கழிப்பது நாங்கள் விற்ற விலையை இல்லை, மூன்று மாநிலச் சராசரியை. ஒருவருக்கு அதிகபட்சம் 5 ஏக்கர், ஏக்கருக்குச் சாதாரண விளைச்சல் வரை மட்டும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பயிர் செய்தவர் என்று எழுதிக் கொடுத்தால் குத்தகைக்காரருக்கும் உண்டு. நான்காவதாக, 2025க்குப் பிறகு நட்ட பெங்களூராவுக்கு இது கிடையாது என்று ஒரு வரி எழுதினேன். போன ஆவணியில் அரை ஏக்கர் நட்ட ஒருவர் எழுந்து போய்விட்டார். வரியை எடுத்துவிட்டோம். எடுத்தது தப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

கூலி அரவை அதே மனுவில் இரண்டாவது கோரிக்கையாக நிற்கிறது. ஒன்று கேட்பதாகச் சொல்லி இரண்டில் முடிந்தது. கடன் தள்ளுபடியைச் சேர்க்காமல் விட்டதற்குச் சித்தப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விற்ற எடைக்கு ஆதாரம் இணைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் சீட்டைத் தேடப் போனார்கள். சித்தப்பா ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரைக் கொட்டினார். பத்தொன்பது நடை காய் போயிருக்கிறது, இருந்தது பதினோரு சீட்டு. நாலில் எடை உண்டு, விலை இல்லை. ஒன்றில் மண்டியின் பெயர்கூட இல்லை, பின்பக்கம் சின்னம்மாவின் மளிகைக் கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. "இத வெச்சு எழுது" என்று அந்தப் பதினொன்றையும் என் பக்கம் தள்ளினார்.